499 ரூபாய்க்கு நாற்பது சொட்டு

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு குறும்படக் காட்சி எடுத்தோம். படம் நன்றாக வந்தது, சத்தம்தான் தேறவில்லை. சுற்றிலும் மோட்டார். சரி, சொட்டுச் சத்தத்தை விலைக்கே வாங்கிவிடலாம் என்று இணையத்தில் ஒரு சவுண்ட் எஃபெக்ட்ஸ் தொகுப்பை எடுத்தேன். 40 கோப்புகள், எல்லாம் எதிரொலிக்கும் நீர்த்துளிகள், 499 ரூபாய். விற்றவர் பெயர் வேண்டாம், இந்த மாதிரித் தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகள், வீடியோ டைம்லைனில் அப்படியே உட்கார்ந்தன. இரைச்சல் இல்லை. ஹெட்போனில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

அந்தச் சிலிர்ப்பில்தான் ஏமாந்தேன். காட்சியோடு சேர்த்து அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, போட்டுக் காட்டினேன். அந்தக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தவர் அவர். "ஏஞ்சாமி, இது நம்ம கெணறா, கல்யாண மண்டபமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். எங்கள் கிணற்றில் தண்ணீர் இப்போது 60 அடி ஆழத்தில் கிடக்கிறது. மேலே நின்று கைதட்டினால் சத்தம் போய்த் திரும்ப 0.1 வினாடிதான். கோப்பிலிருந்த எதிரொலியோ நாலு வினாடிக்கு இழுத்தது. சொட்டோடு சேர்த்தே பதிந்திருப்பதால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. போதாததற்கு 40இல் பாதி ஒரே சொட்டுதான், சுருதியை மட்டும் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். சொட்டை இறக்கும்போது எதிரொலியும் கூடவே இழுபட்டு, ஏதோ குகைக்குள் விழுகிற மாதிரி இன்னும் பெருத்துப் போயிருக்கிறது. இரண்டு கோப்புகளில் எதிரொலி அடங்கும் முன்பே வெட்டு விழுந்திருக்கிறது.

காப்பாற்றியது கடைசி ஐந்து கோப்புகள். எதிரொலி எதுவும் சேர்க்காத வெறும் சொட்டு. த்ரீ பேஸ் கரண்ட் நின்று மோட்டார்கள் அடங்கிய ஒரு ராத்திரி, கிணற்றின் எதிரொலியைப் பிடிக்க அதன் ஓரம் பலூன் உடைத்துப் பதிவு செய்தேன். முதல் பலூனுக்கு வேலியோர மயில்கள் கத்தித் தீர்த்துவிட்டன, இரண்டாவதுதான் தேறியது. அந்தப் பதிவை ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், எதிரொலி சேர்க்கும் ரியாவெர்ப் கருவியில் இம்பல்ஸாக, அதாவது எதிரொலியின் மாதிரியாக, ஏற்றி, வெறும் சொட்டை அதன் வழியே விட்டேன். கிணறு வந்துவிட்டது.

அப்புறம் ஒன்று. அந்த 'டொளக்' துளி மோதுவதால் வருவதில்லை. விழுந்த இடத்தில் நீருக்கடியில் சிக்கும் சின்னக் காற்றுக்குமிழி அதிர்வதால் வருகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் அதிவேகக் கேமராவும் நீருக்கடி மைக்கும் வைத்து இதைக் காட்டினார்கள். 3 மில்லிமீட்டர் குமிழி என்றால் சுமார் 2,200 ஹெர்ட்ஸ், சிறுத்தால் இன்னும் ஏறும். வசனத்தில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதும் அந்த வட்டாரத்தில்தான். பேச்சின் மேல் சொட்டு விழுந்தால் 'ச'வும் 'ட'வும் அடிபடுகின்றன. அதனால் பேச்சு நிற்கும் இடங்களில் மட்டும் வைத்தேன், அதுவும் சீரில்லாமல். சீராக வைத்தால் கடிகாரம் ஆகிவிடுகிறது.

ஆக, உதவியது ஐந்து. ஒரு சொட்டு 100 ரூபாய். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் அந்த ஐந்து சொட்டுக்காக.

திருத்தியதை அப்பாருக்கு மறுபடி போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "தண்ணி இவ்ளோ கீழயா போயிருச்சு?"