பொய்ப் புகாருக்குப் பதில்: குழுவிடம் மறுப்பா, அவதூறு வழக்கா?

பணியிடத்தில் தன் மீது எழுந்த பாலியல் துன்புறுத்தல் புகார் பொய் என்பதை அறிந்த ஒருவருக்கு முதலில் தோன்றுவது, புகார் கொடுத்தவர் மீது அவதூறு வழக்குத் தொடர வேண்டும் என்பதுதான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தையொட்டி அவருக்குள்ள வழிகளை ஒப்பிட்டால், பெரும்பாலும் பலவீனமானது அதுவே என்பது என் கணிப்பு.

வலுவானது, பணியிடத்திலேயே இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் அளிக்கும் மறுப்புரை. புகாரின் நகல் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள், ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி ஆகியவற்றுடன் அதை அளிக்க வேண்டும். குழுவின் முன் வழக்கறிஞர் ஆஜராக விதிகள் இடம் தருவதில்லை என்றாலும், அவருடைய ஆலோசனையுடன் மறுப்புரையை எழுதத் தடையில்லை. மாலை 6 மணிக்கு மூன்றாம் தளத்தில் சம்பவம் நடந்ததாகப் புகார் கூறினால், தன் நல்லொழுக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட, 5.40க்கே அடையாள அட்டையைத் தேய்த்து வெளியேறிய வாயில் பதிவு எடுபடும். கேமரா பதிவுகள் நாளடைவில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைப் பாதுகாக்கும்படி முதல் நாளே குழுவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். புகார்தாரரின் நடத்தையைத் தாக்குவதும், புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிச் சக ஊழியரைத் தூது அனுப்புவதும் மிரட்டலாகவே பார்க்கப்படும்.

புகார் பொய்யெனத் தெரிந்தே, தீய நோக்குடன் கொடுக்கப்பட்டது என்று குழு முடிவுக்கு வந்தால், 2013 சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி புகார்தாரர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் புகாரை நிரூபிக்க முடியாமற்போனது மட்டுமே அதற்குப் போதாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இதை மறுப்புரையின் இறுதியில் கோரிக்கையாகப் பதிவு செய்யலாம்; முதன்மை வாதமாக்கினால், தற்காப்பே பழிவாங்கல் போலத் தோன்றிவிடும்.

அவதூறு வழக்கின் சிக்கல் வேறு. உரிய அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் குற்றஞ்சாட்டுவது, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356ஆம் பிரிவில் விதிவிலக்காக உள்ளது. மேலும், விசாரணை விவரங்களைப் பொதுவெளியில் வெளியிட 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு தடை விதிப்பதால், தன் பெயரைக் காக்க ஊடகத்தில் பேசுபவரே அந்தத் தடையை மீறியவராகிவிடலாம். குற்றச்சாட்டை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பியிருந்தால் மட்டும் இவ்வழக்குக்கு ஓரளவு வலு வரும். இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டு.

குழுவின் பரிந்துரை பாதகமாக அமைந்தால், 2013 சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது, நிறுவனத்துக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட வேண்டிய உறுப்பினரே இல்லாத குழு விசாரித்தது போன்ற அடிப்படைக் குறை இருக்கும்போதே பொருந்தும். தனியார் நிறுவன ஊழியருக்கு அம்மனு ஏற்கத்தக்கதா என்ற கேள்வியும் எழும்.

காவல் துறையிலும் புகார் பதிவாகியிருந்தால், இந்த வரிசை மாறிவிடும். குற்ற வழக்கில் மௌனம் காக்க உரிமையுண்டு. குழுவிடம் எழுதிக்கொடுத்ததோ அங்கே எடுத்துக்காட்டப்படலாம். அந்நிலையில் மறுப்புரையை அனுப்பும் முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் அதை வரி வரியாகப் படித்திருக்க வேண்டும்.