வீடியோ திக்குகிறது: எஸ்.எஸ்.டி. வாங்குவதா, வேறு வழி பார்ப்பதா?

அக்கா மகள் கல்யாண வீடியோவை வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் மடிக்கணினியில் ஓடவிட்டால் கெட்டிமேளம் தங்குதடையின்றி முழங்குகிறது. தாலியோடு நீண்ட மாப்பிள்ளையின் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. “டிஸ்க் வேகம் போதவில்லை, எஸ்.எஸ்.டி. வாங்கிவிடுங்கள்” என்றார் கடைக்காரர். சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க் அது.

வாங்கியிருந்தால் பணம்தான் போயிருக்கும். அந்தக் கோப்பு கேட்பது நொடிக்கு 60 மெகாபிட், அதாவது 7.5 மெகாபைட். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் சாதாரண டிஸ்க்கே, பழுதில்லாமல் இருந்தால், இதைப்போலப் பத்து மடங்கு கொடுக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0 வழியாக வந்தாலும் 30 மெகாபைட் தேறும்.

ஒலி ஓடப் படம் மட்டும் திக்கினால் பெரும்பாலும் டிகோடிங்தான் (சுருக்கி வைத்த வீடியோவைக் கணினி பிரித்துக் காட்டும் வேலை) காரணம். இரண்டும் சேர்ந்து நின்று சேர்ந்து கிளம்பினால் டிஸ்க்கையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். கோப்பைக் கணினியின் உள் டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கும் திக்கினால் வெளி டிஸ்க் நிரபராதி.

டிஸ்க்தான் என்று உறுதியானால், செலவில்லாத வழி வி.எல்.சி. பிளேயரில் கோப்புக்கான கேஷ் அளவை, அதாவது முன்கூட்டியே படித்து வைக்கும் அளவைக் கூட்டுவது. அதை 3,000 மில்லிநொடி ஆக்கினால் சிறு தடங்கல்கள் மறைந்துவிடும். டீஃபிராக் செய்வதை (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பதை) முதல் வைத்தியமாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் தெரிந்தால் கேஷ், கேபிள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் நகல் எடுங்கள். டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்களின் (சிறு பகுதிகளின்) எண்ணிக்கை அது.

எஸ்.எஸ்.டி.க்கும் இடம் உண்டு. விண்டோஸும் வீடியோவும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்து, ஆன்டிவைரஸ் துழாவும்போதெல்லாம் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் தயங்காமல் வாங்கலாம். படிக்கும் முனை இங்கும் அங்கும் ஓடியே களைத்துப்போகிறது.

என் கதை வேறு. டிஸ்க் சும்மா இருந்தது, பிராசசர் 100 சதவீதத்தில் திணறியது. கோப்பு 4கே, 10 பிட் எச்.ஈ.வி.சி. என்ற, இறுக்கமாகச் சுருக்கிய வடிவம். இன்டெலில் இதை முழுமையாக வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. என்னுடையது நான்காம் தலைமுறை. எம்.பி.வி. பிளேயருக்கு மாறினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் ‘ஐ’ விசையை அழுத்தினால் தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் வீடியோ வடிவத்தை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 1080பி, எச்.264 என்ற எளிய வடிவத்துக்கு மாற்ற விட்டுவிட்டுத் தூங்கினேன். நேரம் பிடிக்கும், கணினி கொதிக்கும், தரமும் சற்றுக் குறையும். 1,366 பிக்சல் அகலத் திரையில் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? காலையில் பார்த்தபோது மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுந்தன. மூலக் கோப்பை அழிக்கவில்லை. அக்கா வீட்டு டிவி அதே டிஸ்க்கிலிருந்து அதை அப்படியே ஓட்டுகிறது.