மரக் கட்டிடங்களை வளர்க்க எது தேவை: ஆணையா, விதித் திருத்தமா, கார்பன் வரம்பா?

மரத்தால் இருபது தளம் எழுப்ப முடியுமா என்று இனி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நார்வேயின் புரூமுண்டால் என்ற சிற்றூரில் மியோஸ்டோர்னெட் கட்டிடம் 2019-இல் 85.4 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. மூன்று வருடம் கழித்து அமெரிக்காவின் மில்வாக்கியில் அசென்ட் என்ற 25 தள அடுக்குமாடி அதைக் கொஞ்சம் தாண்டியது. அதில் கீழே 6 தளம் கான்கிரீட், மேலே 19 தளம் மரம். இப்படி ஒன்றிரண்டு அதிசயங்கள் நிற்பது ஒரு விஷயம். சாதாரண ஒப்பந்ததாரர் சாதாரண ஊரில் மரத்தில் ஏழெட்டுத் தளம் கட்டுவது வேறு விஷயம். அந்த இரண்டாவது நடக்க வேண்டுமென்றால் அரசு எதைச் செய்ய வேண்டும் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

அரசுக் கட்டிடங்களில் மரத்தைப் பயன்படுத்து என்று ஆணையிடுவது ஒரு வழி. கட்டிட விதிகளில் மரத்துக்கு இருக்கும் உயரத் தடையைச் சோதனைகளின் பலத்தில் தளர்த்துவது இன்னொன்று. மூன்றாவது வழியில் மரத்தின் பெயரையே எடுக்காமல், கட்டிடம் இத்தனை கார்பனுக்கு மேல் வெளியிடக்கூடாது என்று வரம்பு வைக்கிறார்கள். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதற்குத்தான் என் வாக்கு. மற்ற இரண்டும் அது முடிந்த பிறகே வேலை செய்கின்றன.

ஒரு விளக்கமும் தேவை. இங்கே மரம் என்பது தேக்குத் தூணோ நிலைக்கதவோ இல்லை. பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரப் பலகைகளை ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் அடுக்கிப் பசையால் ஒட்டிய சிஎல்டி பலகங்கள், ஒரே வாக்கில் ஒட்டிய குளூலாம் உத்தரங்கள். இவை ஆலையிலேயே அளவுக்கு வெட்டப்பட்டு லாரியில் வந்து இறங்கும்.

ஆணை: கனடாவும் ஜப்பானும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2009-இல் 'மரமே முதலில்' என்ற சட்டத்தை இயற்றியது. மாகாணப் பணத்தில் கட்டும் புதிய கட்டிடங்களில் மரமே முதன்மைப் பொருளாக இருக்க வேண்டும் என்பது சாரம். காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பைன் வண்டு மாகாணத்தின் காடுகளைத் தின்றுகொண்டிருந்தது. 2008-இல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்ததில் மரத்துக்கான பெரிய வாடிக்கையாளரும் படுத்துவிட்டார். மர ஆலைகளை நம்பி வாழும் ஊர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. சூழல் பேச்சு கூடவே வந்தாலும், இதை நான் தொழிலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமாகவே படிக்கிறேன். அதில் தவறும் இல்லை.

சிக்கல் அந்தச் சட்டத்தின் ஒரு சிறு நிபந்தனையில் இருக்கிறது: கட்டிட விதிக்கு உட்பட்டு. விதி நான்கு தளத்தோடு நிறுத்தினால் ஆணையும் நான்காவது தளத்தோடு நின்றுவிடும். நல்ல வேளையாக அதே 2009-இல், சில மாதங்கள் முன்னதாகவே, மரச்சட்டகக் குடியிருப்புகளின் உச்ச வரம்பை அந்த மாகாணம் 4 தளத்திலிருந்து 6 ஆக உயர்த்தியிருந்தது. அரசுப் பணத்தில் பள்ளிக்கூடம், நூலகம் என்று எத்தனை கட்டிவிட முடியும்? தனியார் அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டது ஆறு தள விதிதான். ஊர் உலகமெல்லாம் 'மரமே முதலில்' என்ற பெயரைப் பேசுகிறது, சுமையைச் சுமந்தது அந்தத் திருத்தம் என்பது என் கணிப்பு.

இதற்குச் சாட்சி பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராக் காமன்ஸ் மாணவர் விடுதி. 2017-இல் திறந்த 18 தளக் கட்டிடம். தரைத்தளமும் இரண்டு லிஃப்ட்-படிக்கட்டுத் தண்டுகளும் கான்கிரீட். மற்ற 17 தளம் மரம். மர வேலை 70 நாளுக்குள் முடிந்தது. மரமே முதலில் என்ற சட்டம் அமலில் இருந்த மாகாணத்திலேயே, இந்த ஒரு மனைக்கு மட்டும் தனியாக ஒரு விதிமுறை எழுதித்தான் அனுமதி தர முடிந்தது. மரத்தை ஏறக்குறைய முழுக்க ஜிப்சம் பலகையால் மூடவும் செய்தார்கள். கனடாவின் தேசிய விதி 12 தளத்துக்கு இடம் தந்தது 2020 பதிப்பில்தான். பிரிட்டிஷ் கொலம்பியா 2024-இல் அதை 18 வரை கொண்டுபோனது.

ஜப்பான் கதை வேறு மாதிரி. அங்கே மரத்தை ஒதுக்கியதே அரசும் பொறியியல் உலகமும்தான். போரில் எரிந்த நகரங்களின் நினைவு ஆறாத 1950-களில் பொதுக் கட்டிடங்கள் கான்கிரீட்டுக்கு மாறின. 1959 இசே வளைகுடாப் புயலுக்குப் பிறகு கட்டிடக்கலைச் சங்கமே மரக் கட்டுமானத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. இதற்கிடையே போருக்குப் பின் நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்கள் மலைமலையாக வளர்ந்து, அறுவடைக்கு ஆளில்லாமல், வசந்தம்தோறும் மகரந்தத்தைக் கொட்டி ஊரையே தும்ம வைக்கின்றன. 2010-இல் வந்த சட்டம், மூன்று தளம் வரையிலான அரசுக் கட்டிடங்கள் கொள்கை அளவில் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்றது. 2021-இல் அதைத் திருத்தித் தனியார் கட்டிடங்களையும் ஊக்குவிப்புக்குள் கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டு மனப்பழக்கத்தை அரசே உண்டாக்கியிருக்கும்போது அரசே முன்னால் நின்று மாற்றுவது நியாயம்தான். அந்த வகையில் ஆணை என்ற கருவி கனடாவைவிட ஜப்பானுக்கே பொருத்தம் என்பேன். ஆனாலும் உயரத்துக்குப் போகும்போது ஜப்பானியர்களும் தீத்தாங்கும் விதிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டியிருந்தது.

விதித் திருத்தம்: அமெரிக்கா

அமெரிக்காவில் மாதிரிக் கட்டிட விதியை எழுதுவது மத்திய அரசு இல்லை. சர்வதேச விதிக் கவுன்சில் என்ற அமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிப்பிக்கிறது. மாநிலங்களும் நகரங்களும் அதைத் திருத்தியோ திருத்தாமலோ ஏற்கின்றன. 2015-இல் அந்த அமைப்பு உயரமான மரக் கட்டிடங்களுக்கென்று ஒரு குழு அமைத்தது. தீயணைப்புத் துறையினர், விதி அதிகாரிகள், பொறியாளர்கள், போட்டிப் பொருள்களின் தரப்பினர் என்று எல்லோரும் ஒரே மேசையில். அவர்கள் முதலில் கேட்டது, எரித்துக் காட்டு என்பதுதான்.

எரித்தும் காட்டினார்கள். 2017-இல் மேரிலாண்டின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அரசுத் தீ ஆய்வகத்தில் சிஎல்டியால் இரண்டு தள வீட்டை எழுப்பி, சோபா, மெத்தை எல்லாம் போட்டு, ஐந்து முறை தீ வைத்தார்கள். ஒரு முறை மரம் முழுக்க ஜிப்சம் பலகைக்குள். அடுத்து கூரையில் ஒரு பகுதி வெளியே தெரியும்படி. பிறகு சுவர்கள். கடைசி இரண்டில் மரம் முழுக்கத் திறந்தே இருந்தது. ஒன்றில் ஸ்பிரிங்ளர் என்ற தானியங்கித் தெளிப்பான் உடனே தண்ணீர் விட்டது, மற்றதில் வேண்டுமென்றே தாமதமாக.

தடித்த மரம் எரியும் விதம் விசித்திரமானது. மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருப்பதைக் காக்கும். ஊசியிலை மரத்தில் கரி நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு எட்டு சென்டிமீட்டர் என்று வையுங்கள். அந்த எட்டு சென்டிமீட்டரைக் கூடுதலாகக் கொடுத்து வடிவமைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சிஎல்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. சூட்டில் பசை இளகினால் கரியான அடுக்கு கழன்று விழுந்து, புது மரம் தீக்கு முகம் காட்டும், அணையப் போன தீ மறுபடி எழும். அதனால் சிஎல்டிக்கான பிஆர்ஜி 320 தரநிலையைத் திருத்தி, அப்படிக் கழன்று விழாத பசை என்று சோதனையில் நிரூபித்தால்தான் அனுமதி என்று மாற்றினார்கள். வெளியில் யாரும் பேசாத இந்த ஒரு திருத்தத்தை எந்த விளம்பரப் பிரசாரத்தைவிடவும் நான் உயர்வாக மதிப்பேன்.

இதன் விளைவு 2021 பதிப்பில் மூன்று புது வகைகள். மரம் பெரும்பாலும் வெளியே தெரியலாம் என்றால் 9 தளம், 26 மீட்டர். கொஞ்சம் மட்டும் தெரியலாம் என்றால் 12 தளம், 55 மீட்டர். முழுக்க மூடினால் 18 தளம், 82 மீட்டர். மரத்தை எவ்வளவு காட்டுகிறாயோ அவ்வளவு தாழ்ந்து நில். எனக்கு இந்த அட்டவணை பிடித்ததற்குக் காரணம் அதன் பேர நேர்மை. 2024 பதிப்பில் 12 தள வகைக்குக் கூரை முழுவதையும் திறந்து வைக்க அனுமதி வந்தது. சோதனைகள் கூடினால் சலுகையும் கூடும் என்பது கட்டுகிறவருக்கும் தெரியும், தீயணைப்பு அதிகாரிக்கும் தெரியும். ஒரேகான் மாநிலம் 2018-லேயே முந்திக்கொண்டு ஏற்றது. அசென்ட் இந்த 18 தளத்தையும் தாண்டியது என்பதால் அது நகரத்தின் தனி அனுமதியில் வந்தது. அதற்கும் தூண்களை உலையில் வைத்துச் சோதித்த பிறகுதான்.

சரி, இதெல்லாம் தூய அறிவியலால் மட்டும் நடந்ததா? இல்லை. 2011-இல் மரத் தொழில் ஒரு வாரியம் அமைத்தது. பெரிய விற்பனையாளர்கள் விற்கும் மரத்தின் அளவுக்கேற்பக் கட்டாயமாகப் பணம் போட வேண்டும். அந்த மாதிரிப் பணத்தில்தான் வுட்வொர்க்ஸ் என்ற அமைப்பு கட்டிடக் கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது. கான்கிரீட் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2016-இல் ஜார்ஜியாவின் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம், மூன்று தளத்துக்கு மேல் மரச்சட்டகம் கூடாது என்று விதி போட்டது. மரத் தரப்பு மாநிலத் தலைநகருக்குப் போனது. 2018-இல் மாநில விதி அனுமதிக்கும் மரத்தை நகராட்சிகள் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. வென்றது என் கட்சிதான் என்றாலும் இந்த வெற்றி எனக்கு உவப்பாக இல்லை. உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் பலத்தை உள்ளூர்க்காரர்தானே அறிவார்?

எதிர்த் திசை: இங்கிலாந்து

லண்டனின் ஹாக்னியில் 2009-லேயே ஒன்பது தள மரக் குடியிருப்பு எழுந்தது. உலகமே அங்கே போய்ப் பார்த்தது. 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அது கான்கிரீட் கட்டிடம். தீயைப் பரப்பியது பாலித்தீன் நடுவில் வைத்த அலுமினியப் பலகைகள். ஆனால் 2018 இறுதியில் வந்த தடை, 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய எதுவும் கூடாது என்றது. சிஎல்டி வெளிச்சுவரும் அந்த வலையில் விழுந்தது. முன்னோடிக் கட்டிடம் இருப்பதும் அதற்குப் பின்னால் விதி இருப்பதும் ஒன்றல்ல.

கார்பன் வரம்பு: பிரான்ஸ்

கொள்கை வகுப்பாளர்களுக்கு இதுதான் இப்போது பிடித்த வழி. பிரான்சின் ஆர்இ2020 விதி 2022 ஜனவரியிலிருந்து புதிய வீடுகளுக்கு அமலானது. கட்டிடத்தின் ஆயுள் முழுவதுக்குமான கார்பனைக் கணக்கிட்டு உச்சவரம்பு வைக்கிறது. 2025, 2028, 2031 என்று படிப்படியாக வரம்பை இறுக்குகிறது. எந்தப் பொருளையும் பெயர் சொல்லித் தூக்கிப் பிடிக்காதது போலத் தெரியும். ஆனால் கணக்கு முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைக்கு வெளியாகும் கார்பனுக்கு முழு எடை, ஐம்பது ஆண்டு கழித்து வெளியாவதற்குக் குறைந்த எடை. மரம் தன்னுள் பிடித்து வைத்ததை இடிக்கும்போதுதான் விடும் என்பதால் இந்தக் கணக்கில் அதற்கு லாபம். கான்கிரீட் தரப்பு இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் பாதி நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். மரம் வந்த காட்டில் மறுபடி மரம் வளர்கிறதா என்பதை இந்தச் சூத்திரம் தானாகச் சொல்லிவிடாது. டென்மார்க் 2023-இல் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்த வரம்பு இதைவிட எளிய கணக்காக இருந்தது.

இந்த வழியின் பெரிய பலம், கான்கிரீட்காரரையும் திருந்த வைக்கும். குறைந்த கார்பன் சிமெண்ட் போட்டு வரம்புக்குள் வந்தால் வரட்டும். ஆனால் பாரிஸில் நடந்ததைப் பாருங்கள். கார்பன் விதி மரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 2021-இல் நகரத் தீயணைப்புத் தரப்பு எரியக்கூடிய பொருள்களால் ஆன கட்டிடங்களுக்குத் தனி நெறிமுறை வெளியிட்டு, மரத்தை மூடச் சொன்னது. ஒரு கை தள்ளுகிறது, இன்னொரு கை இழுக்கிறது. தீ பற்றிய கேள்வியை முதலில் தீர்க்காமல் கார்பன் வரம்பு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவுக்கு எது?

மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டிடங்களில் மரத்துக்குத் தடை போட்டது, 2020-இல் நீக்கியது. காட்டைக் காப்பதுதான் தடையின் நோக்கம். அந்தக் காலத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் மரவெட்டிலிருந்து தொடங்கி நாட்டின் எல்லாக் காடுகளுக்கும் பரவிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1996 உத்தரவை நினைத்தால் போதும். இந்த நிலையில் பிரிட்டிஷ் கொலம்பியா பாணியில் ஆணை போட்டால் யாருடைய மரம் விற்கும்? அந்த மாகாணத்தின் அரசு அமைப்பே 'கனடியன் வுட்' என்ற பெயரில் இங்கே சந்தை தேடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பார்வையில் அது சரி. நாம் ஏன் இறக்குமதிக்கு ஆணை போட வேண்டும்?

2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஐஎஸ் 883 என்ற இந்தியத் தரநிலை மரக் கட்டமைப்பு வடிவமைப்பைச் சொல்கிறது. இல்லாதது, இத்தனை தளம் வரை இத்தனை மரம் தெரியலாம் என்ற அந்த அமெரிக்க மாதிரி அட்டவணை. அதை அப்படியே நகலெடுப்பதும் உதவாது. மேரிலாண்டில் எரித்த வீட்டுக்குக் கரையான் தெரியாது, சென்னையின் ஈரக்காற்றும் தெரியாது. நம் தோட்டத்து யூகலிப்டஸையும் சவுக்கையும் மூங்கில் பலகையையும் இங்கேயே ஒட்டி, இங்கேயே நனைத்து, இங்கேயே எரித்துப் பார்க்க ஓர் ஆய்வகமும் சில ஆண்டுகளும் வேண்டும். அரசிடம் இப்போது செலவழிக்கப் பணம் இருந்தால், ஊக்கத்தொகைக்கும் மாதிரிக் கட்டிடத்துக்கும் முன்னால் அதைத்தான் கேட்பேன்.