கர்ப்பிணிக்குக் குரல் அழைப்பா, எஸ்எம்எஸ்ஸா: எதில் ரகசியம் தங்கும்?

இந்திய அரசு 2016-ல் தொடங்கிய கில்காரி என்ற தாய்-சேய் நல ஆலோசனைச் சேவையில், கர்ப்பத்தின் 4-ம் மாதத்திலிருந்து குழந்தைக்கு 1 வயது ஆகும்வரை வாராவாரம் பதிவுசெய்த குரலில் போன் வரும், மொத்தம் 72 அழைப்புகள். தென்னாப்பிரிக்காவில் இதே மாதிரி கர்ப்பிணிகளுக்கான மாம்கனெக்ட் சேவை 2014-ல் எஸ்எம்எஸ்ஸில் ஆரம்பித்தது, அப்புறம் வாட்ஸ்அப்பும் சேர்ந்தது.

படிக்கத் தெரியாதவருக்குக் குரல்தான் சரி. எஸ்எம்எஸ் என்றால் ஏழாவது படிக்கும் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும், ரகசியம் அங்கேயே போச்சு. ஆனால் கிராமத்தில் பல வீடுகளில் கொடுக்கப்படுவது கணவரின் எண்தான். அழைப்பை எடுப்பவர் வயலில் நிற்பார், கேட்க வேண்டியவள் அடுப்படியில் இருப்பாள். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டாலோ, குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் மாமியார், கொழுந்தன் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

எஸ்எம்எஸ் சத்தம் போடாது, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கலாம். அழிக்க மறந்தால்தான் வம்பு, அதுவும் எச்ஐவி உள்ள பெண்ணுக்குத் திரையில் ஒரு வரி மின்னினாலே போதும். சொந்த போன் இருந்து, வாசிக்கவும் தெரிந்தால் நான் எஸ்எம்எஸ் பக்கம்தான். இல்லாவிட்டால் குரல், எந்த நேரம் கூப்பிடலாம் என்று அவளிடமே கேட்டுவிட்டு.

எனக்கு மாம்கனெக்ட்டில் பிடித்தது வேறொன்று: கரு கலைந்துவிட்டால் அதைத் தெரிவித்து வழக்கமான செய்திகளை நிறுத்திவிடலாம், விருப்பமிருந்தால் ஆறுதல் செய்திகள் மட்டும் வரும். குழந்தை எப்படி வளர்கிறது என்று வாராவாரம் போன் வந்து நினைவூட்டுவதை யார் தாங்குவார்கள்?