கைக்குழந்தைக்கு எக்கோ எடுத்து ‘நார்மல்’ என்றார்களா? ரிப்போர்ட்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்க

தாராபுரம் பக்கத்து இரண்டு மாதக் குழந்தை. பால் குடிக்கும்போது நெற்றி வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை. டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்து நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கோயமுத்தூரில் பார்த்தால், இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் வளைவு முடிகிற இடத்தில் சுருக்கம். அதற்குள் இதயம் களைத்துப் போயிருந்தது.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ‘சுவர் அசைவில் குறையில்லை, பம்பிங் 65 சதவீதம்.’ மாரடைப்பு வந்த பெரியவர்களுக்கு அடித்துக் கொடுக்கிற அதே வரிகள். எடை எழுதும் கட்டம் காலி. வளைவைப் பற்றிப் பேச்சே இல்லை. நுரையீரலில் இருந்து வரும் நான்கு ரத்தக்குழாயும் எங்கே சேருது என்பதும் இல்லை. பார்க்காத இடத்துக்கும் சேர்த்து நார்மல் போட்டிருக்கிறார்கள்.

குழந்தை எக்கோவை மேல்வயிற்றில், நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்துதான் இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் ஒலியலைக்குக் குறுக்கே நிற்கும். இதய நுனியில் இருந்து மட்டும் பார்த்தால் சுவர் அலையோடு ஒட்டி ஓடும், இல்லாத ஓட்டைகூட இருப்பது போலத் தெரியும். வளைவைப் பார்க்க, தோளுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கழுத்துக் குழியில் புரோபை (ஒலியலை அனுப்பும் கருவியை) வைக்கணும். அழுகிற குழந்தை அங்கே கை வைக்கவே விடாது. பாலைக் கொடுத்துத் தூங்க வைத்து எடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். புரோபும் பெரியவர்களுக்கான 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ் போதாது, கைக்குழந்தைக்கு 8 முதல் 12 வேண்டும்.

வளைவு சரியாகத் தெரியவில்லை என்றாலும் வயிற்று மகாதமனியில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் முறை) போட ஒரு நிமிஷம் ஆகாது. அலை சட்டென்று எழாமல் சோம்பலாக இழுத்தால் மேலே அடைப்பு. அதற்கும் முன்னால், தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தாலே, துடிப்பு பலவீனமாக இருப்பது தெரிந்து சந்தேகம் வந்திருக்கும்.

பிறந்த இரண்டாம் நாள் எடுத்த எக்கோவை மட்டும் நம்பி இருந்துவிடாதீங்க. கருவில் இருந்த இணைப்புக் குழாய் மூடுகிற வரைக்கும் இந்தச் சுருக்கம் மறைந்தே இருக்கலாம்.

எக்கோவைப் பார்த்த குழந்தை இதய மருத்துவர் யார் என்று கேளுங்க. வளைவு, நான்கு குழாய் இரண்டும் ரிப்போர்ட்டில் இருக்கணும். பேப்பரில் ஒட்டிய இரண்டு படம் வேண்டாம், ஓடுகிற படத்தைப் பென்டிரைவில் வாங்குங்க. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம், மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில் கேட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் செய்ய வழி சொல்வார்கள்.