பிரான்சில் வீடியோ வைத்தியம்: குடும்ப வைத்தியரா, செயலியா, மருந்துக்கடைக் கபினா?

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நாங்கள் இருப்பது பாரிஸுக்கு வடக்கே சென்-சன்-தெனியில், வைத்தியர் தட்டுப்பாடு உள்ள மாவட்டம். வீடியோவில் வைத்தியரைப் பார்க்க மூன்று வழிகள் இருந்தன. குடும்ப வைத்தியரே டொக்டோலிப் என்ற நேரம் பதியும் தளத்தில் கொடுக்கும் வீடியோ நேரம் ஒன்று. லிவி, கேர் போன்ற செயலிகளில் அந்த நேரத்துக்குக் கிடைக்கும் வைத்தியர் இன்னொன்று. மூன்றாவது, மருந்துக்கடையில் இருக்கும் கபின், அதாவது உள்ளே உட்கார்ந்து திரையில் வைத்தியரோடு பேசும் சின்ன அறை. நாங்கள் முதலாவதையே தெரிவுசெய்தோம். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

வேகம் என்று பார்த்தால் செயலியை வெல்ல முடியாது. இரவிலும் ஞாயிறிலும் ஆள் கிடைக்கும். சிறுநீர்த் தொற்று, கண் சிவப்பு மாதிரி விஷயங்களுக்கு அது போதும். கபினில் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி, காது பார்க்கும் கருவி, நெஞ்சில் வைக்கும் ஸ்டெதஸ்கோப் எல்லாம் இருக்கும். கடை ஊழியர் உதவுவார். போன் பழக்கமில்லாத வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் எங்கள் பக்கத்துக் கபினில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். பிரெஞ்சு வராத அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நான் மொழிபெயர்க்க வேண்டுமே.

எங்களுக்குத் தீர்மானமாக இருந்தது வேறொன்று: அடுத்த தடவை யார் பார்ப்பார்? சீனி வருத்தம் ஒரு மருந்துச்சீட்டோடு முடிகிற வருத்தம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற, கடந்த சில மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்து, போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். செயலி வைத்தியர் பரிசோதனை எழுதினால் முடிவு அவருக்குப் போகும். அடுத்த முறை வருவது இன்னொருவர். 2022 முதல், வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் 'மோன் எஸ்பாஸ் சாந்தே' என்ற இணையப் பதிவேடு இருக்கிறது, பழைய முடிவுகளை அதில் வைக்கலாம், உண்மைதான். ஆனாலும் அதைத் திறந்து, பழையதைப் படித்து, யோசிக்கப் பத்து நிமிட வீடியோவில் நேரம் எங்கே? குடும்ப வைத்தியருக்கு அம்மாவின் முகமே பாதி விவரம் சொல்லிவிடும். போன மருந்து வயிற்றைக் குழப்பியது அவருக்கு நினைவிருக்கும்.

காசுக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. கொரோனா காலத்தில் வீடியோ வைத்தியத்துக்கு முழுக்காசும் திரும்பி வந்தது. அது 2022 செப்டம்பரோடு முடிந்தது. இப்போது ஒரு வீடியோ சந்திப்பு 25 யூரோ. பதிவுசெய்த குடும்ப வைத்தியரிடம் என்றால் அரச காப்புறுதி 70 வீதம் தரும், நோயாளியே ஏற்கவேண்டிய 2 யூரோவைக் கழித்து 15.50 வரும். அவரைத் தவிர்த்து வெளியே போனால் 30 வீதம்தான், கையில் கிடைப்பது 5.50, மியூச்சுவல் எனப்படும் துணைக் காப்புறுதியின் வழக்கமான ஒப்பந்தங்கள் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. வைத்தியர் உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால் விதிவிலக்கு உண்டு. சீனி வருத்தம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்கான வைத்தியத்துக்கு 100 வீதம் கிடைக்கும், ஆனால் அதற்கான விண்ணப்பத்தை எழுதுவது குடும்ப வைத்தியர். அவர் இல்லாமல் அந்த உரிமையைத் தொடங்குவதே சிக்கல்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 முதல், தெரியாத வைத்தியர் வீடியோவில் தரும் மருத்துவ விடுப்பு பொதுவாக 3 நாளைத் தாண்டாது. குடும்ப வைத்தியருக்கு அந்த வரம்பு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. நேரில் பார்த்தால் 30 யூரோ, வீடியோவில் 25 என்பதால் எல்லா வைத்தியரும் வீடியோவுக்கு நேரம் ஒதுக்க விரும்புவதில்லை. எங்களுடையவர் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் தருகிறார். காலில் புண் இருக்கிறதா, உணர்ச்சி குறைகிறதா என்பதை வீடியோவில் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் ஒருமுறை வீடியோ, அடுத்தமுறை நேரில் என்று மாற்றி மாற்றிப் போகிறோம். நெஞ்சுவலி, ஒரு பக்கம் இழுப்பது என்றால் எந்த வீடியோவும் வேண்டாம், அவசர மருத்துவ எண் 15-ஐ அழையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது எப்படி என்று எனக்கு அனுபவமில்லை. கிராமப்புறத்தில் இருப்பவர்களின் நிலையும் எனக்கு நேரில் தெரியாது. அங்கே தாதி வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருக்க, வைத்தியர் திரையில் பார்க்கும் முறை நல்லது என்று கேள்விப்பட்டேன், பார்த்ததில்லை.

குடும்ப வைத்தியரே இல்லாதவர்கள் பிரான்சில் பல மில்லியன் பேர். அவர்களுக்கு என் தெரிவு உதவாது. கபின்தான் நடைமுறையில் சரி என்று நினைக்கிறேன், செயலியை அதற்கு அடுத்துத்தான் வைப்பேன். ஆனால் கார்ட் வித்தால் என்ற காப்புறுதி அட்டையோடு மருந்துப் பட்டியலையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுபோங்கள். அதோடு நிறுத்தாமல், வைத்தியர்கள் புது நோயாளிகளை எடுக்க மறுத்தால் உங்கள் காப்புறுதி அலுவலகத்தில் உள்ள மத்தியஸ்தருக்கு எழுதுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.