கற்பிட்டிக்கு ஒரு வாடகைக் கெரவன்: வண்டி நன்று, வழிகாட்டல் போதாது

கொழும்பின் தெற்குப் புறநகர் ஒன்றில் கெரவன் வாடகைக்கு விடும் நிலையத்திடமிருந்து, படுக்கை, அடுப்பு, சிறு மலசலகூடம், மேலே உயர்த்தக்கூடிய கூரைக் கூடாரம் ஆகியவற்றுடன் மாற்றியமைக்கப்பட்ட ஹையேஸ் வான் ஒன்றைப் பெற்று, குடும்பத்துடன் கற்பிட்டிக்குச் சென்று வந்தோம். வண்டியில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் இரவில் எங்கே நிறுத்துவது, தண்ணீரை எங்கே நிரப்புவது, கழிவை எங்கே அகற்றுவது என்பவற்றுக்கு விடை தெரியாவிட்டால் கெரவன் என்பது நெருக்கடியான வான் மட்டுமே. அந்த விடைகளைத் தராமல் சாவியைக் கையில் தரும் ஒரு நிலையத்தை முழுமனதுடன் பரிந்துரைக்க இயலவில்லை.

ஓட்டுவதற்கு இலகு வாகன சாரதி அனுமதிப்பத்திரமே போதும். கற்பிட்டி கொழும்பிலிருந்து ஏறத்தாழ 165 கிலோமீற்றர். கட்டுநாயக்க அதிவேகப் பாதையை விட்டிறங்கிய பின்னர் ஏ3 வீதியில் நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் எனச் சென்று, புத்தளம் நகருக்குள் நுழையாமல் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்ப வேண்டும். பஸ்களுக்கு வழிவிட வீதியோரம் ஒதுங்கும்போது வண்டியின் பாரம் தெரிகிறது. மற்றபடி நல்ல நிலையிலுள்ள ஒரு சாதாரண வானைப் போலவே ஓடுகிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டிக்குள் 12 வோல்ற், 200 அம்பியர்-மணி லித்தியம் மின்கலம் ஒன்றும், கூரையில் சூரியத் தகடும் உள்ளன. அதாவது முழுமையாக மின்னேற்றினால் ஏறத்தாழ 2.4 கிலோவோற்-மணி கையிருப்பு. சிறிய குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், மின்விசிறிகள், கைபேசிகள் ஆகியவற்றுக்கு இது ஓர் இரவுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் நிலையத்தின் விளம்பரத்தில் முதலில் தெரிவது வளிச்சீராக்கிதான். 800 வோற் இழுக்கும் அந்த இயந்திரத்தை மின்கலத்தில் மட்டும் ஓட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். விடியும்வரை குளிரூட்ட வேண்டுமானால் வெளியிலிருந்து 230 வோல்ற் இணைப்பு தேவை. இந்த எளிய கணக்கை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வது நிலையத்தின் கடமை. நுரைச்சோலையில் 900 மெகாவோற் அனல்மின் நிலையத்தைக் கடந்து சென்று, அதே கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு செருகி இணைப்புக்காக வீடுவீடாக விசாரித்தது வேடிக்கையாகத்தான் இருந்தது. எஞ்சினை இயக்கியபடி உறங்கலாமே என்று எவரும் எண்ண வேண்டாம். காபனோரொட்சைட்டு வாயு உள்ளே கசிந்தால் உயிராபத்து.

இலங்கையில் கெரவன்களுக்கென நீரும் மின்னும் உள்ள தரிப்பிடங்கள் பரவலாக இல்லை. கடலோரத்திலேயே நிறுத்தி உறங்கலாம் என்று நிலையத்தில் சொன்னார்கள். ஆனால் தார் வீதியை விட்டு இறங்கினால் கற்பிட்டியின் மணல் சில்லுகளை விழுங்கிவிடும். கரையின் பெரும்பகுதியோ மீன்பிடி வாடிகளாகவும் தனியார் நிலங்களாகவும் உள்ளது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று பலமாக வீசுவதால்தான் கைட் சர்ஃபிங் (பெரிய பட்டத்தின் இழுவையில் நீர்மேல் சறுக்கும் விளையாட்டு) செய்வோர் இங்கே திரள்கிறார்கள். நாங்கள் சென்றதும் அந்தப் பருவத்திலேயே. அக்காற்றில் கூரைக் கூடாரத்தை உயர்த்துவது அறிவுடைமையன்று என்பதால், பிள்ளைகளின் படுக்கை கீழே இறங்கியது. அது பற்றியும் கையேட்டில் ஒரு வரியில்லை. இறுதியில் உதவியது ஊராரின் தமிழ்தான். பள்ளிவாசலருகே விசாரித்தபோது ஒரு பெரியவர், “காத்துக்குள்ள ஏன் மகன் நிக்கிறீங்க, தோட்டத்துக்குள்ள விடுங்க,” என்று சிறு விடுதியொன்றின் தென்னந்தோட்டத்தைக் காட்டினார். அங்கே சிறு கட்டணத்துக்கு மின் இணைப்பும் கிணற்று நீரும் கிடைத்தன. உரம் அதிகமிடும் வெங்காய, மிளகாய்த் தோட்டங்கள் நிறைந்த இம்மணற் பூமியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்றுச் செறிவு கூடுதல் என்பதால், தாங்கியில் நிரப்பிய நீரைக் கழுவவும் குளிக்கவும் மட்டுமே பயன்படுத்தி, குடிப்பதற்குப் போத்தல் நீரை வாங்கினோம். மலசலகூடக் கழிவுப் பெட்டியை விடுதிக்காரரின் சம்மதத்துடன் அவர்களுடைய மலக்குழியில் வெறுமையாக்கினோம். அவர் மறுத்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு நிலையத்திடம் தொலைபேசியிலும் பதிலில்லை.

வண்டிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 2.3 கிலோ எரிவாயுச் சிலிண்டரில் தேநீரும் காலையுணவும் சிரமமின்றித் தயாராயின. படுக்கைகள் தூய்மையாக இருந்தன. நுளம்புவலைகளில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு உச்சி வெயிலில் திரும்பியபோது, குளிர்ந்த நீரும் நிழலும் வீதியோரத்திலேயே காத்திருந்தது முதியவர்களுக்குப் பெரும் ஆறுதல். விடுதி அறையில் இந்த வசதி கிடைக்காது.

வாடகை, நடுத்தர விடுதியில் இரண்டு அறைகளுக்கான கட்டணத்தை எட்டுகிறது. அதற்குமேல் நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் என்ற வரையறையும் உண்டு. போய்வர மட்டுமே 330 கிலோமீற்றர் ஆகும் என்பதால், மூன்று நாட்களுக்கு வண்டியை எடுப்பவர் கற்பிட்டியில் அசையாமல் நின்றாலும் மேலதிகக் கட்டணம் செலுத்த நேரும். நான்கு நாட்களுக்கு எடுத்தால் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கும் போய்வரலாம். பதிவு செய்வதற்கு முன்னர், இரவுத் தரிப்பிடங்களின் பட்டியலையும் கழிவகற்றும் ஏற்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், பாலாவிக்கு அப்பால் மின் இணைப்புள்ள தோட்ட விடுதியொன்றை நீங்களே பேசி உறுதிசெய்த பின்னரே முற்பணத்தைக் கட்டுங்கள்.